நாம ஒத்துக்குவோம்

அவருக்குத் தலைவலி வந்தால்கூட, "நமக்குத் தலை வலிக்குது தம்பி" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டு நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

கண்டி டவுனில் அவருக்கு வாகன உதிரிப்பாகக் கடை. பின்பக்கம் ஒரு கராஜ். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து டவுனிலேயே தங்கிவிட்ட குடும்பம். முதலாளி என்று கூப்பிட்டால் முகத்தைக் கோணிக்கொள்வார். "என்னா முதலாளி கிதலாளின்னு? நாம எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. அண்ணேன்னு கூப்பிடு." அப்படியே கூப்பிட்டோம். கடை வாசலில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுக் காவல்காரருக்கும் அவர் அண்ணன்தான்.

கராஜில் ஒரு கியர்பெட்டியை மேசைக்கு ஏற்ற வேண்டுமென்றால், "வாங்க, நாம தூக்குவோம்" என்று கூப்பிடுவார். நாலு பேர் போய்க் குனிவோம். அவர் ஒரு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று முக்குவார். நாங்கள் தூக்க, அவர் முக்க, பெட்டி மேலே ஏறிவிடும். பிறகு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாம லேசுப்பட்ட ஆளுங்க இல்லடா" என்பார். நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே அவருக்கு வேர்த்திருக்கும். நடிப்பென்றால் வேர்க்குமா? இது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம்.

ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்கு வேலை சுலபம். ஆனால் என் மகள் பிறந்த நாள் ஒன்று இருக்கிறதே. ஹேவாஹெட்ட ரோட்டில் அன்றைக்கு மண் சரிந்து பஸ் ஓடவில்லை. விடிந்ததிலிருந்து அடைமழை. தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. நான் கடைக்கு ஃபோன் பண்ணி லீவு கேட்டேன், அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் அவர் தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு லயத்துக்கு வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. சரிந்து கிடந்த மண்மேட்டின் மேலேயே ஏற்றி இறக்கி வந்திருக்கிறார். போகும்போதும் அவரேதான் ஓட்டினார். நான் மனைவியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சாவியைத் தர மறுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு தாதி கதவைத் திறந்து, "பொம்பளைப் புள்ள. அப்பா யாரு?" என்று கேட்டதும், அண்ணன் வாங்குப் பலகையிலிருந்து எழுந்து, "நாமதான்" என்று சொன்னார். அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. என் மனைவி அன்றிலிருந்து அவரைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு டவுனில் என்னென்ன சொல் கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நீங்க தோட்டமா?" என்பார்கள். "உங்க ஆளுங்க", "உங்க பக்கம்" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஒருவர்கூட என்னையும் சேர்த்து "நாம" என்று சொன்னதில்லை. இவர் முதல் நாளே சொன்னார். சந்தில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார், எடுத்தேன். "நாம நல்லா ஓட்டுறோமே" என்றார், கதிரையில் உட்கார்ந்தபடி. நான் அதற்கு மயங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே மயங்கினேன்.

அவருக்கு ஜீப் பைத்தியம். கண்டியில் வசதியுள்ள ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு கூட்டம் வைத்திருந்தார். தேயிலை ஃபெக்டரிச் சொந்தக்காரர், பேங்க் மனேஜர், ஆஸ்பத்திரி டொக்டர் என்று எல்லாம் பெரிய ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பக்கத்துப் பழைய வண்டிப்பாதைகளில் சேற்றில் குளித்துவிட்டு வருவார்கள். வருடத்துக்கு ஒருதரம் நீண்ட பயணம். மன்னார்க் கடற்கரை மணலில் தொடங்கி மாத்தளையில் முடியும். கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்த எங்கள் ஜனங்கள் கப்பலிலிருந்து இறங்கி நடந்து வந்த வழி அது. பாதி வழி இப்போது தார் ரோடாகவும் வயலாகவும் மாறிவிட்டது. ஆனால் துண்டு துண்டாகப் பழைய தடம் இருக்கிறது. முதலில் வெறும் மணல். அப்புறம் முள்ளுக்காடு, பொட்டல், தண்ணீர் இல்லாத ஆறு. அந்தக் காலத்தில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அண்ணன் இதற்குப் "பாலைவன டிரிப்" என்று பெயர் வைத்திருந்தார். செருப்பில்லாமல் நடந்த வழியில் ஏ.சி. போட்டுக்கொண்டு போவதற்கு இவ்வளவு பாடா என்று எனக்குத் தோன்றியதுண்டு. கேட்டதில்லை. எனக்கு ஓட்டப் பிடிக்கும். மணலில் வண்டி வழுக்கும்போது ஸ்டியரிங்கை விட்டுப் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை மறைக்க முடியாது.

முன்வண்டியை நான் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வோக்கி டோக்கியில் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வருவார். மணல் தொடங்கும் இடத்தில், "நாம டயர்ல காத்து இறக்குவோம்" என்பார். இறக்காவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். ஒன்பது ஜீப்புக்கு முப்பத்தாறு சக்கரம். முப்பத்தாறுக்கும் முன்னால் முழங்காலிட்டவன் நான் ஒருத்தன். அவர் நிழலில் நின்று, "நாம முடிக்கப்போறோம், இன்னும் ரெண்டு வண்டிதான்" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்வார்.

போகிற வழியில் அலவத்துகொடயில் ஒரு தேநீர்க்கடையில் எப்போதும் நிற்போம். கடைக்கார முஸ்லிம் பெரியவரை நானா என்றுதான் கூப்பிடுவோம், எல்லாவற்றையும் கவனிக்கிற மனுசன். ஒருதரம் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "தம்பி, ஒங்கட அண்ணன் நாமெண்டு செல்லக்குள்ள ஆள எண்ணிப் பாருங்க. எண்ணினா ஒராள்தான் வரும்." நான் சிரித்தேன். நானாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த அந்த வருடம், எனக்கு ஒரு அரசாங்க டிரைவர் வேலை கிட்டத்தட்டக் கையில் இருந்தது. பரீட்சை, ஓட்டிக் காட்டுவது, நேர்முகம் எல்லாம் முடிந்திருந்தது. பென்சன் உள்ள வேலை. லயத்தை விட்டு வெளியே வந்து டவுன் பக்கம் ஒரு வீடு எடுக்கலாம், மகளை நல்ல ஸ்கூலில் சேர்க்கலாம் என்று நானும் மனைவியும் ஒவ்வொரு சாப்பாட்டு நேரத்திலும் பேசினோம். விண்ணப்பத்தை நிரப்ப உதவினதே அண்ணன்தான். அவர் எழுத்து அழகாக இருக்கும். நீதிமன்றத்தில் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டீரா என்று ஒரு கேள்வி இருந்தது. "இல்லை" என்று எழுதிவிட்டு, "நாம கவர்மெண்ட்ல சேரப்போறோம்டா" என்று என் முதுகில் தட்டினார். என்னை இழப்பதில் அவருக்கு வருத்தமும் இருந்தது, பெருமையும் இருந்தது. இரண்டும் உண்மை.

வேலைக்கு முன் கடைசித் தடவை என்றுதான் அந்தப் பயணத்துக்குப் போனேன். டொக்டர் அந்த வருடம்தான் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சாதுவான மனுசன், இரண்டாவது வண்டி அவருடையது. மத்தியானம் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். அவர் சோற்றுப் பார்சல்களை எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நாங்கள் சாப்பிடுவம்" என்றார். சரி, நீங்கள் சாப்பிடுங்கள் என்று நான் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பசி வயிற்றைக் கிள்ளியது. பெரிய படிப்புப் படித்தும் இப்படி முகத்துக்கு நேரே சொல்கிறாரே என்று கோபம் வேறு. கொஞ்ச நேரத்தில் தட்டோடு தேடி வந்துவிட்டார்.

"ஏன் தம்பி வரேல்ல? நாங்கள் சாப்பிடுவம் எண்டு உம்மட்டத்தானே சொன்னனான்?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் "நாங்க" என்றால் கேட்கிறவன் அதில் இல்லை. அவர் ஊரில் கேட்கிறவனும் அதில் உண்டு. நான் சொன்னதும் அவர் சோற்றுக் கையோடு நின்று வெகுநேரம் சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு அண்ணன் எல்லோரையும் அந்தத் தடத்தோரத்துப் பழைய கிணற்றுக்குக் கூட்டிப் போனார். கல் கட்டின கிணறு, உள்ளே குப்பை. வருடா வருடம் அங்கே நின்று ஒரு பேச்சுப் பேசுவார். நடந்து வந்தவர்களின் தாகம், காய்ச்சல், தூக்கிப் போட்ட பிள்ளைகள். பேசும்போது குரல் தழுதழுக்கும். "இது நம்ம ஜனங்க நடந்த பாதை" என்று முடிப்பார். பேங்க் மனேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

டொக்டர் கேட்டார். "அப்ப உங்கட குடும்பமும் இதால நடந்தோ வந்தது?"

"சேச்சே, இல்ல டொக்டர்" என்றார் அண்ணன், அவசரமாக. "நாங்க டிக்கெட் எடுத்து வந்த வியாபாரக் குடும்பம். நடந்து வந்தது இவங்க ஆளுங்க." விரல் என் பக்கம் நீண்டது.

அவர் வாயிலிருந்து "நாங்க" வந்ததை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சரி, உள்ளதைத்தானே சொன்னார் என்று விழுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

கிணற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அடர்ந்த காடு தொடங்குகிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாதென்று மூன்று பாஷையிலும் போர்டு. அந்த வருடம் புதிதாக வைத்திருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன்.

"அண்ணே, பர்மிட் இருக்கா?"

"நாம எடுத்துட்டோம் தம்பி. போ, போ."

போனேன். அரை மணித்தியாலத்தில் இரண்டு காட்டு ஆபீசர்கள் எதிரே வந்து நிறுத்தினார்கள். அண்ணன் இறங்கிப் போய்ச் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினார். தோளில் கை போட்டார். பெரிய ஆட்களின் பெயரெல்லாம் சொன்னார். ஆபீசர் சிரிக்கவில்லை. அண்ணன் திரும்பி வந்து என் ஜன்னலில் கையை ஊன்றி நின்றார்.

"தம்பி, பர்மிட் விஷயத்துல சின்னப் பிசகு."

"எடுக்கலையா அண்ணே?"

"எடுக்கச் சொன்னோம்" என்றார். யார் யாரிடம் சொன்னார்கள் என்று கேட்டால் அதற்கு இன்றைக்கும் பதில் கிடையாது. "இப்ப ஒம்பது வண்டியையும் எழுதினா எல்லாரும் கோர்ட்டுக்குப் போகணும். டொக்டர் இருக்காரு, மனேஜர் இருக்காரு, பேரு கெட்டுரும். முன்னாடி போன டிரைவர் பாதை மாறிட்டான், மத்தவங்க தெரியாம பின்னாலயே வந்துட்டாங்கன்னு சொன்னா ஒரு ஆளோட முடிச்சிருவாங்க. நாம ஒத்துக்குவோம்."

"அண்ணே, எனக்கு அந்த வேலை வருதே."

"தெரியும்டா. அதை நாம பார்த்துக்குவோம்."

இதற்குள் டொக்டர் இறங்கி வந்துவிட்டார். விஷயம் விளங்கியிருக்க வேண்டும். "நாங்கள் எல்லாரும்தானே வந்தனாங்கள். எல்லாற்ற பேரையும் எழுதட்டும்" என்றார். அண்ணன் அவர் முதுகில் கை வைத்து, "நீங்க ஏறுங்க டொக்டர், நாம பேசியாச்சு" என்று நடத்திக்கொண்டு போனார். டொக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். நல்ல மனுசன்தான், இருந்தாலும் அவரையும் நான் முழுதாக மன்னிக்கவில்லை.

ஜீப்பின் பொனட் மேலே தாளை வைத்து எழுதினார்கள். சிங்களத்தில் எழுதியதை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டினார். நான் பாதை மாறியதாகவும், எனக்கு யாரும் சொல்லவில்லை என்றும், நானாகவே போனதாகவும் இருந்தது. காற்றில் தாள் பறந்தது. அவர் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கையெழுத்து வைத்தேன். அந்தக் கையெழுத்தில் அவருடைய பங்கு அந்த ஒரு விரல்.

ஏன் வைத்தாய் என்று கேட்பீர்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மகள் பிறந்த நாள் நினைவுக்கு வந்தது, அது ஒன்று. இன்னொன்று, மாட்டேன் என்றால் அந்த "நாம" என்ற சொல்லிலிருந்து என்னை வெளியே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு சொல்லுக்காக ஒருத்தன் பென்சனை விடுவானா? விட்டான். அந்த முட்டாளைத்தான் நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

வழக்கு அன்றைக்கு "நாம கோர்ட்டுக்குப் போவோம்" என்றார். அன்றைக்கென்று அவர் போக வேண்டிய ஒரு கல்யாணம் வந்துவிட்டது. கூண்டில் நான் நின்றேன், குற்றத்தை ஒத்துக்கொண்டேன், அபராதம் போட்டார்கள். அதை அவர்தான் ஆள் அனுப்பிக் கட்டினார், சொல்லாமல் விட்டால் பாவம். மூன்று வாரத்தில், பொலிஸ் ரிப்போட்டோடு வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ரிப்போட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த கிளார்க் அம்மா அதைப் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, திரும்பவும் படித்தார். வழக்கு ஒன்று இருக்கிறதே மகன் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். என் கடிதத்தை மடித்து, ஒரு கோப்புக்குள் வைத்தார். அது அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் லயத்துக்கு வந்தார். திராட்சையும் அப்பிளும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மனைவி அவருக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கவலைப்படாத தங்கச்சி. நாம வேற வேலை பார்ப்போம்" என்றார்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றாள். "வேலை போனது நமக்கா, இவருக்கா?"

"என்னாம்மா, பிரிச்சுப் பேசுற?"

"பிரிக்கலண்ணே. கோர்ட்டுத் தாளைப் பார்த்தேன். ஒரு பேருதான் இருக்கு. ஒத்துக்குவோம்னு நீங்க சொன்னதா இவரு சொன்னாரு. உங்க பேரைத் தேடுனேன், காணல."

அவள் குரலை உயர்த்தவில்லை. தன்னை அந்த மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனுசனிடம் இதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அண்ணனின் முகம்தான் தெரிந்தது. அது சுருங்கிப்போனது. மகளை மடியிலிருந்து இறக்கி விட்டார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நான் கையெழுத்து வச்சிருந்தா கடை என்னாகும் தங்கச்சி?" என்றார். நான் என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லேன் என்பது போல.

அத்தனை நாளாக நான் கேட்க நினைத்ததைத்தான் அவள் கேட்டிருந்தாள். எனக்காகத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்து அவளிடம் சொன்னேன்.

"நாங்க பேசிக்குறோம். நீ உள்ள போ."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். லயத்து வீட்டில் உள்ளே என்பது ஒரு சீலைத் துணிக்கு அந்தப் பக்கம்தான். மூச்சு விட்டால் கேட்கும். நானும் அவரும் இந்தப் பக்கம் உட்கார்ந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தோம். பேசிக்கொள்ள எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

அந்த மாதத்தோடு கடையை விட்டேன். இப்போது பல்லேகலயில் ஒரு ஃபெக்டரிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். அவர் கடையை விற்றுவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவரைப் பற்றி நினைத்தால் இப்போதும் பாதி கோபம், பாதி பாசம். அது என் தலைவிதி. ஆனால் அன்றைக்கு அவர் போன பிறகு, சீலையை விலக்கிக்கொண்டு வந்து மனைவி இரண்டு டம்ளரையும் எடுத்தாள்.

"பேசியாச்சா, ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.